உங்களுக்கு விசா ஓகே... மணிக்கு?

அட்மிஷன் லெட்டர் வந்தாச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கொடி ஏத்தியாச்சு. அப்பா லோன் பேப்பரோடு பேங்க்குக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடக்கிறார். அம்மா பருப்புப் பொடிக்கு மிளகாய் காய வைத்துவிட்டார். எல்லாம் சரி பாஸ்... நீங்கள் புதுசாக வாங்கி வந்த பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறதே ஒரு ஜீவன், அதுக்கு என்ன ப்ளான்?

'இது என்ன கேள்வி... கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன்' என்கிறீர்களா? கையைக் கொடுங்க! ஆனால், ஒரே ஒரு கணக்கு போட்டுவிட்டு அப்புறம் பேசலாம். நீங்கள் போவது ஐரோப்பா, கிளம்ப இருப்பது இரண்டரை மாசம், நாய்க்கு இன்னும் ஒரு பேப்பர்கூட ரெடி இல்லை என்றால், இந்தத் தடவை அது உங்களோடு வராது. காசு இருந்தாலும் வராது, அமைச்சர் சிபாரிசு இருந்தாலும் வராது. உங்கள் விசாவையாவது கெஞ்சிக் கூத்தாடி சீக்கிரம் வாங்கலாம். நாயின் ரத்தத்தை அவசரப்படுத்த முடியாது!

புரியலையா? மணியின் கதையைச் சொன்னால் புரியும்.

மணி, என் கல்லூரி நண்பனின் நாய். கோவையில் நாங்கள் படித்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்பக்கம் சாம்பார் அண்டா கழுவும் இடத்தில், ஒரு மழை நாளில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. செம்மண் கலர். ஒரு காது நிற்கும், இன்னொரு காது மடங்கியே இருக்கும். வார்டனுக்குத் தெரியாமல் வளர்த்தோம் (தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. பிஸ்கட் பாக்கெட் அவர் ரூமிலும் இருந்தது!). படிப்பு முடிந்ததும் நண்பன் அதைத் திண்டுக்கல்லில் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போனான். வேலை, அரியர், லவ் ஃபெயிலியர் எல்லாத்துக்கும் மணிதான் சாட்சி.

ஒரு ஜூலையில் ஜெர்மனியிலிருந்து எம்.எஸ். அட்மிஷன் வந்தது. அக்டோபரில் கிளாஸ். "மணி இல்லாம போகமாட்டேன்டா" என்றான். மறுநாளே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ரேபிஸ் ஊசி போட்டான். மைக்ரோசிப் வேண்டும் என்று யாரோ சொல்ல, இரண்டு வாரம் கழித்து அதையும் வைத்தான். ஆகஸ்ட் நடுவில், வெளிநாட்டுக்குப் பிராணிகளை அனுப்பும் ஏஜென்ட் ஒருவருக்கு போன் போட்டான். எதிர்முனையில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, சிப் முதல்ல வெச்சீங்களா... ஊசி முதல்ல போட்டீங்களா?"

பதிலைக் கேட்டதும், "அப்ப அந்த ஊசி கணக்குல வராது. முதல்லேருந்து ஆரம்பிங்க" என்றுவிட்டார்.

சிப் முதல்ல... ஊசி அப்புறம்!

மைக்ரோசிப் என்றதும் ஜி.பி.எஸ். என்று நினைத்துவிடாதீர்கள். நாய் தொலைந்தால் செல்போனில் புள்ளி காட்டாது. பேட்டரியும் கிடையாது. அரிசி சைஸில் ஒரு கண்ணாடிக் குப்பி. தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசி மாதிரி செலுத்துவார்கள். ரீடரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க நம்பர் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான். ஆனால், அந்த நம்பர்தான் உங்கள் நாயின் பெயர், அப்பா பெயர், ஆதார் எல்லாமே. 'மணி' என்பதெல்லாம் வீட்டுக்குள்தான்!

சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி ஏன் செல்லாது? ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்டில் நிற்கும் அதிகாரியின் இடத்தில் இருந்து யோசியுங்கள். 'இந்த நம்பர் நாய்க்கு, இந்தத் தேதியில் ஊசி போட்டது' என்று பேப்பரில் இருக்க வேண்டும். நம்பரே இல்லாத தேதியில் ஊசி போட்டிருந்தால், அது எந்த நாய்க்குப் போட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே நாளில் சிப்பையும் ஊசியையும் முடிக்கலாம், தப்பில்லை. ஆனால், சிப்பை வைத்து, ரீடரில் நம்பரைப் படித்து எழுதிய பிறகுதான் ஊசி. இன்னொன்று... ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்ற தரத்தில் உள்ள சிப்பா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அங்கே உள்ள ரீடருக்கு உங்கள் சிப் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

ரத்தம் எடுத்த நாளிலிருந்து...

ஊசி போட்டாச்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஐரோப்பா நம்பாது. ஊசி வேலை செய்ததா என்று ரத்தத்தைப் பார்க்கும். அதற்குப் பெயர் டைட்டர் டெஸ்ட். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய யூனியன் அங்கீகரித்த லேபுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிக்கு 0.5 ஐ.யூ. அல்லது அதற்கு மேல் எதிர்ப்புச் சக்தி இருந்தால் பாஸ். குறைந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். நம்ம அரியர் மாதிரியேதான்.

பாஸ் ஆனாலும் உடனே விட மாட்டார்கள். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல, ரத்தம் எடுத்த நாளிலிருந்து. இங்கேதான் பல பேர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

ஏன் இந்த மூன்று மாசம்? வெறிநாய்க்கடி நோய் உடம்புக்குள் புகுந்ததும் வெளியே தெரியாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பு தெருவில் ஒரு கடி வாங்கியிருந்தால்? ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியும் இருக்கும், உள்ளே வைரஸும் இருக்கலாம். காத்திருந்து பார்த்தால்தான் தெரியும். கோபப்படுவதில் அர்த்தம் இல்லை பாஸ். உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் இதே ரூல், நோய் கட்டுக்குள் இருக்கும் நாட்டு நாய்களுக்கு இல்லை. நம்ம ஊர் நாய்க்கு உண்டு.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஊசிக்குப் பின் 30 நாள், ரத்தத்துக்குப் பின் மூன்று மாதம். எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக நடந்தாலும் நான்கு மாதம். குட்டி என்றால் இன்னும் மோசம். 12 வாரம் ஆன பிறகுதான் முதல் ரேபிஸ் ஊசியே கணக்கில் வரும். ஆக, ஏழு மாதத்துக்குக் குறைந்த இந்தியக் குட்டி ஐரோப்பாவில் கால் வைக்க வழியே இல்லை. ஜூனில் அட்மிஷன் வந்ததைக் கொண்டாட ஒரு குட்டி வாங்கி, அக்டோபரில் அதோடு கிளம்பலாம் என்று கனவு காண்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும்!

ஆனால், ஒரு நல்ல சேதியும் இருக்கு. ஒரு தடவை டைட்டர் பாஸ் ஆகிவிட்டால் ஐரோப்பிய யூனியனுக்கு அது ஆயுசுக்கும் செல்லும். ஒரே கண்டிஷன், அடுத்தடுத்த ரேபிஸ் பூஸ்டர் ஊசிகளைக் கெடு முடிவதற்குள் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரமபதத்தில் பாம்பு வாயில் மாட்டின மாதிரி... மறுபடியும் ஒண்ணாம் கட்டம். அதனால் ஜி.ஆர்.இ., ஐ.இ.எல்.டி.எஸ். என்று நீங்கள் படிக்க ஆரம்பிக்கும் அன்றைக்கே நாய்க்கும் சிப், ஊசி, டைட்டர் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். அட்மிஷன் கிடைக்காமல் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. நாய்க்கு ரேபிஸ் ஊசி எப்படியும் போடத்தானே வேண்டும்?

நண்பனுக்கு இதெல்லாம் தெரிந்தது ஆகஸ்டில். மறுபடி ஊசி போட்டு, 30 நாள் எண்ணி, செப்டம்பர் மூன்றாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள். மணி கிளம்பத் தகுதி பெறும் நாள், டிசம்பர் மூன்றாவது வாரம். "சரி, நான் இப்ப போறேன். டிசம்பர்ல அம்மா ஏர்போர்ட்டுக்கு வந்து மணியை ஏத்திவிடட்டும்" என்றான். அதுவும் நடக்காது! நாயும் அதன் ஓனரும் (அல்லது ஓனர் எழுதிக் கொடுத்த ஆளும்) ஐந்து நாள் வித்தியாசத்துக்குள் பயணம் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் அது செல்லப் பிராணி இல்லை, வியாபாரச் சரக்கு. சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அதற்குத் தனி விதிகள்.

செப்டம்பர் கடைசியில் அவன் மட்டும் கிளம்பினான். பெட்டியைக் காரில் ஏற்றும் வரை மணி வாலாட்டிக்கொண்டுதான் இருந்தது. டிரிப் என்று நினைத்திருக்கும். கார் தெரு முனை திரும்பியதும் கேட்டுக்கு வெளியே போய்ப் படுத்தது. ராத்திரி பத்து மணி வரை உள்ளே வரவில்லை என்று அம்மா போனில் சொன்னார். மூன்று நாள் சோறு தொடவில்லை. நாலாம் நாள் அம்மா பழைய சோற்றில் தயிர் ஊற்றி, கையால் உருட்டி வைத்ததும்தான் சாப்பிட்டதாம்.

ஜானி டெப்புக்கே இந்த கதி!

நாடு மாறினால் ரூலும் மாறும். பிரிட்டனில் டைட்டர், மூன்று மாசக் காத்திருப்பு எல்லாம் ஐரோப்பா மாதிரியேதான். கூடவே, போய்ச் சேர்வதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். ஃப்ளைட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தோ, லக்கேஜாகவோ கொண்டுபோக முடியாது. சரக்குப் பிரிவில்தான் போய் இறங்க வேண்டும். 2000-க்கு முன்னால் என்றால் அங்கே ஆறு மாதம் தனிமைச் சிறை. அதை நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

ஜப்பான், ரத்தம் எடுத்த பிறகு 180 நாள் காத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ரூலை இறுக்கிவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு அனுமதி இல்லை. ரேபிஸ் அபாயம் அதிகம் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய் குறிப்பிட்ட சில ஏர்போர்ட்களில்தான் இறங்க முடியும். இறங்கியதும் அங்குள்ள பராமரிப்பு மையத்தில் பரிசோதனை. டைட்டர் ரிப்போர்ட் இல்லையென்றால் 28 நாள் அங்கேயே தங்கல். செலவு உங்களுடையது.

எல்லாருக்கும் மேலே கறார் பேர்வழி, ஆஸ்திரேலியா. இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோக வழியே கிடையாது. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டில் நாயைத் தங்க வைத்து, அங்கிருந்துதான் போக வேண்டும். போனாலும் மெல்போர்ன் பக்கத்தில் மிக்கில்ஹம் மையத்தில் தனிமைப்படுத்தல் உண்டு. 'பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்படியா?' என்று கேட்டால், 2015-ல் ஜானி டெப் பட்ட பாடு தெரியுமா? 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' ஷூட்டிங்குக்குப் போனவர், பிஸ்டல், பூ என்ற தன் இரண்டு யார்க்‌ஷயர் டெரியர்களையும் தனி விமானத்தில், பேப்பர் எதுவும் இல்லாமல் கொண்டுபோய்விட்டார். முடி திருத்த நாய் பார்லருக்குக் கூட்டிப்போக, குட்டு உடைந்தது. 'திருப்பி அனுப்புங்க, இல்லைன்னா கருணைக் கொலைதான்' என்று விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் கெடு வைத்தார். வந்த வழியே தனி விமானத்தில் திரும்பின இரண்டும். வந்திறங்கியபோது பூர்த்தி செய்த ஃபாரத்தில் பொய் சொன்னதாக ஆம்பர் ஹெர்ட் 2016-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து வீடியோவில் மன்னிப்பும் கேட்டார்கள். கேப்டன் ஜாக் ஸ்பாரோவுக்கே அந்த கதி. நாம எம்மாத்திரம்!

விதி தளர்ந்த கதையும் உண்டு. 2022-ல் உக்ரைனில் போர் வெடித்தபோது, நம் மாணவர்கள் சிலர் நாயையும் பூனையையும் விட்டுவிட்டு ஊர் திரும்ப மறுத்தார்கள். குளிரில், தோளில் பையும் கையில் நாயுமாக எல்லை வரை வந்தார்கள். அப்போது மத்திய அரசு அவர்களுக்காக இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. ஆனால், அது போர்க்காலம். மத்த நாளில் இந்தியாவுக்குள் திரும்பக் கொண்டுவரவும் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். 'பிடிக்கலைன்னா ரிட்டர்ன் ஃப்ளைட்ல கூட்டிட்டு வந்துடலாம்' என்ற கணக்கு உதவாது.

மூக்கு நீளமா இருக்கா?

உங்கள் வீட்டில் இருப்பது பக் நாயா? 2003-ல் 'ஹட்ச்' விளம்பரத்தில் அந்தப் பையன் பின்னாடியே ஓடியதே, அந்த ஜாதி. விளம்பரத்தைப் பார்த்து நாடே வாங்கியது. எங்கே போனாலும் பின்தொடரும் என்று பெயர். ஆனால், விமானத்தில் மட்டும் பின்தொடராது! சப்பை மூக்கு நாய்களுக்குச் சுவாசப் பாதை குறுகல். வெயிலும் பதற்றமும் சேர்ந்தால் மூச்சுத் திணறும். அதனால், பல ஏர்லைன்ஸ் பக், புல்டாக் வகைகளை ஏற்றுவதே இல்லை. ஜெர்மனி பிட்புல், ஸ்டாஃபோர்ட்ஷயர் மாதிரி சில இனங்களை உள்ளே விடுவதில்லை. நம்ம தெரு நாய்க்கு இந்த இரண்டு வம்பும் கிடையாது. நீள மூக்கு, நல்ல நுரையீரல். மணி இந்த விஷயத்தில் ராஜா.

சின்ன நாயைப் பைக்குள் வைத்து, கால் பக்கத்தில் வைத்துக்கொள்ள சில ஏர்லைன்ஸ் விடும். மணி சைஸுக்கெல்லாம் விமானத்தின் அடிவயிறுதான். அங்கே ஏ.சி., காற்று எல்லாம் உண்டு, பயப்படாதீர்கள். ஆனால், கூண்டு ரூல்படி இருக்க வேண்டும். நாய் உள்ளே தலை இடிக்காமல் நிற்கணும், சுற்றித் திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். அளவெடுப்பது எப்படி? மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை இன்னொரு அளவு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால், அதுதான் கூண்டின் நீளம். அகலம், தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. உயரம், நிற்கும்போது தலை அல்லது காது... எது உசரமோ அது. மணிக்கு ஒரு காது நிற்குமே, அந்தக் காதுக்காக ஒரு சைஸ் பெரிய கூண்டு வாங்க வேண்டியிருந்தது!

கூண்டை ஏர்போர்ட்டில் முதல் முறையாகக் காட்டாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, கதவைத் திறந்து ஹாலில் போட்டுவிடுங்கள். உள்ளே உங்கள் பழைய டி-ஷர்ட் (துவைக்காதது, ப்ளீஸ்!). சோறு அதற்குள்ளேயே வையுங்கள். அதுவாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. 'பயணத்தன்னிக்குத் தூக்க மாத்திரை கொடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆகாயத்தில் அது ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குழப்பும். தன் உடம்பைச் சமாளித்து நிற்கவும் நாயால் முடியாது. மயங்கிய நிலையில் வரும் நாயை ஏர்லைன்ஸ்காரர்களே ஏற்ற மறுக்கலாம்.

கடைசி வாரப் பேப்பர்கள் தனி. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு மையம், சுருக்கமாக ஏ.க்யூ.சி.எஸ்., சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது. நாயோடு போய், சிப்பைக் காட்டி, ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். ஐரோப்பாவுக்கான ஹெல்த் சர்டிஃபிகேட், போய் இறங்குவதற்கு முந்தைய 10 நாளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஆக, வெளியூர்க்காரர்கள் நாயோடு சென்னையில் தங்க ஒரு வீடு பார்த்து வையுங்கள். நாயோடு தங்கவிடும் லாட்ஜ் தேடி அலைந்த அனுபவம் நண்பனின் அம்மாவுக்கு உண்டு.

அங்கே போய் எங்கே தங்கும்?

இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறோம். முதலில் கேட்டிருக்க வேண்டும். ஜெர்மனியில் நாய்க்கு மரியாதை உண்டு. ரயிலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு பெரிய நாயைக் கூட்டிப் போகலாம் (வாயில் மூடி கட்டாயம்). ஆனால், நாய் வரியும் உண்டு. பெர்லினில் முதல் நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ. இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் நாய்க்கு இடம் இல்லை. வெளியே ரூம் எடுத்தால் வீட்டு ஓனர் சம்மதிக்கணும். எல்லாம் கிடைத்தாலும் காலையில் கிளாஸ், மத்தியானம் லேப், சாயங்காலம் பார்ட் டைம் வேலை என்று ஓடுவீர்கள். பூட்டின ரூமில் பத்து மணி நேரம் அது என்ன செய்யும்? நாய்க்கு ஜெர்மனியும் தெரியாது, திண்டுக்கல்லும் தெரியாது. நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா, இல்லையா... அது மட்டும்தான் தெரியும்.

'அப்ப கூட்டிட்டுப் போகாதேன்னு சொல்றியா?' என்று கேட்காதீர்கள். இரண்டு பேராகப் போகிறவர்கள், வேலையோடு போகிறவர்கள், திரும்பும் எண்ணம் இல்லாதவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் கட்டாயம் கூட்டிப் போங்கள். நான்கு மாதம் முன்னால் ஆரம்பித்தால் போதும். இரண்டு வருஷ கோர்ஸுக்கு ஒண்டியாகப் போகிறவர்களிடம்தான் கேட்கிறேன். அது உங்களைப் பிரிந்து இருக்க முடியாது என்று கூட்டிப் போகிறீர்களா, நீங்கள் அதைப் பிரிந்து இருக்க முடியாது என்று கூட்டிப் போகிறீர்களா?

பிப்ரவரி கடைசியில் செமஸ்டர் லீவுக்கு நண்பன் வந்தான். மணியை அழைத்துப் போகத்தான் வந்தான். டைட்டர் பாஸ், மூன்று மாதம் முடிந்தாச்சு. கூண்டு ஹாலில் ரெடி. மணியின் ஃபைல் இவனுடைய சர்டிஃபிகேட் ஃபைலைவிடத் தடிமன். கேட்டைத் திறந்ததும் மணி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அரை மணி நேரம் அவன் மேல் ஏறி இறங்கியது.

நாலு நாள் கூடவே இருந்து பார்த்தான். காலை ஐந்தரைக்கு அம்மா கோலம் போட வரும்போது மணி படியில் உட்கார்ந்திருக்கும். பால்காரர் வந்தால் ஒரு குரைப்பு. பதினோரு மணிக்குக் கறிவேப்பிலை விற்கும் பாட்டியோடு தெருக் கோடி வரை ஒரு வாக்கிங். சாயங்காலம் அம்மாவோடு கோயில் வாசல் வரை. சீரியல் நேரத்தில் அம்மா காலடியில். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா தனி ஆள். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "ஏம்மா, மணியைக் கூட்டிட்டுப் போயிட்டா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டான். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான் என்னடா பண்ணப் போறேன். நீ சந்தோஷமா இருந்தா சரி" என்றார். மணி இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்ததாம்.

அன்று ராத்திரி மணிக்குப் போட்ட புக்கிங்கை கேன்சல் செய்தான். கொஞ்சம் பணம் போச்சு. பூஸ்டர் ஊசியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். வேலை கிடைத்தபின் பார்க்கலாம் என்று.

இந்தக் கட்டுரைக்காக அம்மாவிடம் பேசியபோது, எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கூண்டு தேவைப்படுகிறது, சும்மாதானே கிடக்கிறது, கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அதெப்படிப்பா கொடுக்கறது? மத்தியானம் மணி அதுலதான தூங்குது" என்றார்.